நெடுவழி நடையும் பாதங் காத்தலும்

மனித உடலின் உறுப்புக்களுள் மிகுதியாக உழைத்தும் மிகக் குறைவாக மதிக்கப்படுவது பாதமேயாகும். கண்ணுக்கு மை தீட்டுகின்றோம். தலைக்கு எண்ணெய் வார்க்கின்றோம். கைக்கு அணி பூட்டுகின்றோம். பாதத்தையோ அது நோகும்போதன்றி நினைப்பதில்லை. இறைவனைப் பாடுங்கால் அவன் திருவடியை முதலிற் போற்றுவதும், பெரியோரைக் கண்டால் அவர்தம் அடியைத் தொட்டு வணங்குவதும் நம் மரபு. பிறர் அடியை இத்துணை போற்றும் நாம் நம் அடியைப் பேணக் கற்றிலேம் என்பது வியப்புக்குரியது.

இந்நாளில் நம் மாணவர் விடுமுறை தோறும் முதுகுப்பை சுமந்து றிவர்ஸ்டன், பிட்டவல பத்தனை, நக்கிள்ஸ் மலைச்சாரல் முதலிய இடங்களுக்கு நடைப்பயணம் போகின்றனர். பழைய மாணவருட் சிலர் ஆண்டுதோறும் கதிர்காமப் பாதயாத்திரை செல்கின்றனர். போகும்போது பாட்டும் சிரிப்புமாகச் செல்வோர், திரும்பும்போது தோழரின் தோளைப் பற்றி நொண்டி வருதல் காணக்கூடிய காட்சியே. இத்துன்பத்திற் பெரும்பகுதி தவிர்க்கத்தக்கது. பாதம் ஏன் நோகின்றது, நோவாது காப்பது எங்ஙனம், நெடுநடைக்கு ஏற்ற சப்பாத்தைத் தேர்வது எவ்வாறு என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் ஒரு கொப்புளம்

நடந்து நொந்த பாதத்தைத் தமிழ்ப் புலவர் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படையில், முடத்தாமக்கண்ணியார் ஒரு பாடினியின் அடியை வருணிக்கின்றார். ஓடிக் களைத்த நாயின் நாவைப் போன்று மென்மையான அவ்வடி, உருக்கிய அரக்கையொத்த செந்நிலத்தில் நடந்து, பரற்கற்களால் வருந்தி, மரற்பழம் போன்ற நீர்க்கொப்புளங்களைத் தாங்கியது. ஆதலால் அவள் வெயில் முதிர்ந்த பொழுதில் நடத்தலைத் தவிர்த்தாள்.

இவ்வருணனையுள் மருத்துவர் ஒருவர் கூறத்தக்க செய்திகள் யாவும் அடங்கியிருத்தலைக் காண்க. வெப்பமான தரை, உறுத்தும் கல், பழகாத தோல், அதன் பயனாகிய கொப்புளம், கொப்புளம் கண்டபின் செய்யவேண்டிய ஓய்வு என்பன நிரலே சொல்லப்பட்டுள்ளன. பாதவலியை நாணத்துக்குரிய சிறுமையாகப் புலவர் கருதவில்லை. பாடுதற்குரிய பொருளாகவே கொண்டார்.

மாத்தளைக்கு வந்த வழி

நெடுநடையைப் பற்றிப் பேசும் உரிமை மாத்தளைத் தமிழருக்குச் சிறப்பாக உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவியபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தலைமன்னார், அரிப்பு முதலிய கரைகளில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே தெற்கு நோக்கி நடந்தனர். மிகிந்தலை, தம்புள்ளை என்னும் இடங்களைக் கடந்து மலைநாட்டு வாயிலாகிய மாத்தளையை அடைந்தனர். ஏறத்தாழ 150 மைல் தூரம், பெரும்பாலோர் வெறுங்காலினர், தலையிற் சட்டி பானையும் இடுப்பிற் குழந்தையுமாக வந்தோர் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880 இல் திறக்கப்பட்டது. தலைமன்னார்ப் புகையிரதப் பாதையோ 1914 இலேதான் வந்தது. அதற்கு முன்னைய தலைமுறையினருக்குக் கால்களே வண்டி.

அவ்வழியிற் பலர் மாண்டனர். வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்றன. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூட்டமாகச் செல்வோருடன் சேர்ந்து நடக்க முடிந்தவனுக்கே சோறும் தண்ணீரும் துணையும் கிட்டும். முள் தைத்துச் சீழ் கட்டிய காலினன் பின்தங்குவான். பின்தங்கியவன் காட்டிற் தனியனாவான். இன்று நமக்கு ஒரு வாரத் தொல்லையாக முடியும் பாதப்புண், அன்று உயிரையே பணயமாகக் கேட்டது.

அம்முன்னோரின் வருகையை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு யூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிற் தொடங்கிய மலையக மக்களின் நடைபவனி, ஓகத்து 12 ஆம் நாள் மாத்தளையில் நிறைவெய்தியது. பதினாறு நாட்களில் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீற்றர் அளவில், இளைப்பாறி, நல்ல காலணியுடன் நடப்பதே எளிதன்று என்பதை அதிற் கலந்துகொண்டோர் அறிவர். வெறுங்காலுடன், பாரத்துடன், மருந்தின்றி நடந்தவர்தம் துயரை அளவிட இதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை.

பாதம் நோவதேன்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுக்களும் உள. அவற்றைத் தசைகளும் தசைநார்களும் பிணைத்து ஒரு வில்லைப் போல வளைத்து நிறுத்துகின்றன. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் அவ்வில் சற்றே தாழ்ந்து, பின் நிமிர்ந்து, நம்மை முன்னே தள்ளுகின்றது. பத்துக் கிலோமீற்றர் நடப்பவர் பன்னீராயிரம் அடிகளுக்கு மேல் வைக்கின்றார். சிறு குறை ஒன்று பன்னீராயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழ்ந்தாற் பெருந்துன்பமாதல் இயல்பே. நெடுநடையில் உண்டாகும் வலிகளுள் முக்கியமானவை பின்வருவன.

முதலாவது கொப்புளம். தோலின் மேற்படையும் உட்படையும் ஒன்றன்மேலொன்று இழுபட்டுப் பிரியும்போது இடையில் நீர் சேர்கின்றது. உராய்வு, ஈரம், வெப்பம் ஆகிய மூன்றும் கூடினாலன்றிக் கொப்புளம் எளிதில் எழாது. ஆகவே மூன்றில் ஒன்றை நீக்கினும் பெரும் பயனுண்டு.

இரண்டாவது குதிகால் வலி. காலையிற் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியிற் குதிகாலின் அடிப்புறம் ஊசி குத்தினாற்போல் நொந்து, சிறிது நடந்தபின் தணியுமாயின், உள்ளங்காலின் அடியில் விரிந்திருக்கும் தசைநார்ப் படலம் வருந்துகின்றது எனக் கொள்ளலாம். கெண்டைக்காற் தசை இறுகியிருத்தலும், நடைத்தூரத்தைத் திடீரெனக் கூட்டுதலும், தேய்ந்த அடிப்பாகமுள்ள செருப்பும் இதனை வளர்க்கும். நாள்தோறும் சுவரிற் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டுதலும், உள்ளங்காலின் கீழ் ஒரு போத்தலை வைத்து உருட்டுதலும் நல்ல பயிற்சிகளாம். இந்நோய் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தணியும். அதுவரை பொறுமையே மருந்து.

மூன்றாவது நகக்கேடு. மலையிறங்கும்போது பாதம் முன்னோக்கி வழுக்க, விரல்கள் சப்பாத்தின் நுனியில் மோதி நகம் கறுக்கின்றது. இதற்குக் காரணம் ஏற்றமன்று, இறக்கமே. றிவர்ஸ்டனிலிருந்து இலுக்கும்புற நோக்கி இறங்குவோர் இதனை மனங்கொள்க.

நான்காவது எலும்பு வெடிப்பு. நெடுந்தூரம் அணிநடை செய்த படைவீரரின் பாதம் வீங்கி நோவதைப் பிறய்தௌப்து என்னும் பிரசிய இராணுவ வைத்தியர் 1855 இல் விவரித்தார். ஒரு பேரடியால் அன்றி, ஓய்வின்றித் தொடரும் சிற்றடிகளால் எலும்பு மயிரிழை போல வெடிக்கின்றது. முன்பாதத்தில் ஒரே இடத்தில், விரலால் அழுத்திக் காட்டத்தக்கவாறு வலி நிலைத்து, நடக்கக் கூடி, ஓய்விற் குறையுமாயின், நடையை நிறுத்தி வைத்தியரைக் காண்க. பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது இங்கே வீரமாகாது.

சப்பாத்தைத் தேர்தல்

சப்பாத்துக்காகப் பாதமன்று, பாதத்துக்காகவே சப்பாத்து. இவ்வெளிய உண்மையை மறப்பதே பாதத் துன்பங்களுட் பலவற்றுக்கு மூலம்.

நம்மவருட் பலர் இளமையிற் செருப்புடனோ வெறுங்காலுடனோ வளர்ந்தவர். அத்தகைய பாதம் முன்புறம் அகன்று, விரல்கள் விரிந்து, வலிவுடையதாய் இருக்கும். தென்னிந்தியாவில் 2,300 பிள்ளைகளின் பாதங்களை நோக்கி 1992 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, காலணி அணிந்து வளர்ந்தோருள் நூற்றுக்கு 8.6 பேரும், அணியாது வளர்ந்தோருள் 2.8 பேரும் தட்டைப் பாதமுடையர் எனக் கண்டது. மூடிய சப்பாத்து அணிந்தோரிடையே அது மிகுதி. இதனால் வெறுங்காலே சிறந்ததென்பது பெறப்படாது. இயல்பாக விரிந்த பாதத்தை ஒடுங்கிய சப்பாத்தினுட் திணித்தல் தகாது என்பதே பெறப்படும். முனை கூர்ந்த சப்பாத்து திருமண வீட்டுக்கு ஆகலாம்; மலைக்கு ஆகாது.

சப்பாத்து வாங்கப் போகுமுன் பாதத்தை அளந்துகொள்க. மாலை நேரத்தில் அளப்பதே முறை. பகல் முழுதும் நின்றும் நடந்தும் பாதம் வீங்கியிருக்கும் பொழுது அது. ஒரு தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் எழுந்து நின்று, பென்சிலை நேராகப் பிடித்து இரு பாதங்களின் வடிவையும் வரைவிக்க. இருந்தபடி அளத்தல் பிழை. இரு பாதங்களும் ஒத்த அளவின அல்ல; பெரிய பாதத்துக்கே சப்பாத்து வாங்குக. சிலருக்குப் பெருவிரலினும் இரண்டாம் விரல் நீண்டிருக்கும். எது நீண்டதோ அதுவே கணக்கு. கடையிற் காட்டும் சப்பாத்தின் அடிப்பாகத்தை அத்தாளின்மேல் வைத்துப் பார்த்தால், பாதத்தின் கோடு எங்கேனும் வெளியே நிற்பின் அச்சப்பாத்து நமக்குரியதன்று.

நெடுநடையில் அணியும் அதே காலுறையை அணிந்தே சப்பாத்தைப் போட்டுப் பார்க்க. எழுந்து நிற்கும்போது நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் நுனிக்குமிடையே ஒரு கட்டைவிரலின் அகலம் இடம் இருத்தல் வேண்டும். விரல்களை அசைக்க முடிதல் வேண்டும். குதிகால் மட்டும் மேலெழாது பற்றிநிற்றல் வேண்டும். பிரித்தானிய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு மூன்றிலோர் அங்குலம். ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர். அரை எண் கூட நெடுநடையில் இன்பத்துக்கும் துன்பத்துக்கும் இடையிலான எல்லையாகலாம். எண்ணை நம்பாது பாதத்தை நம்புக. ஒரு நிறுவனத்தின் எட்டும் மற்றொன்றின் எட்டும் ஒன்றல்ல. கடையிற் சாய்வான பலகையோ படியோ இருப்பின் இறங்கிப் பார்க்க. விரல் நுனியில் முட்டினால் அதனை விட்டுவிடுக.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை வளரும் என்று இரண்டு எண் பெரிதாக வாங்குவது சிக்கனம் போலத் தோன்றும். பெரிய சப்பாத்தினுட் பாதம் முன்னும் பின்னும் ஓடுதலாற் கொப்புளம் எழும். ஓர் எண்ணுக்கு மேற் கூட்டாதிருத்தலே நன்று.

இனிச் சப்பாத்தின் அமைப்பைக் காண்போம். நுனியையும் குதியையும் பிடித்து மடித்தால் அது விரல்கள் மடியும் இடத்தில் மடிதல் வேண்டும். நடுவில் மடிவது பாதவளைவைத் தாங்காது. துணி பிழிவது போல முறுக்கினால் எளிதில் முறுகலாகாது. குதிகாலைச் சூழ்ந்த பகுதி விரலால் அழுத்த நசுங்காது நிற்றல் வேண்டும். அடிப்பாகத்தில் ஆழ்ந்த வரிகள் வேண்டும். பாசி படிந்த பாறையில் அவையே நமக்குப் பிடிமானம்.

கணுக்காலை மூடும் உயர்ந்த பூட்ஸ் சப்பாத்து வேண்டுமா, தாழ்ந்த இலேசான சப்பாத்துப் போதுமா எனப் பலர் வினவுவர். பாதத்திற் கட்டிய ஒரு கிலோ, முதுகிற் சுமந்த ஏறத்தாழ ஐந்து கிலோவுக்கு ஒப்பான களைப்பைத் தரும் என்பது நடையை ஆராய்ந்தோர் கண்ட உண்மை. ஆகவே கனத்த பாரமும் கரடுமுரடான பாறைவழியும் உள்ளவிடத்து உயர்ந்த சப்பாத்தும், ஏனைய இடத்து இலேசான சப்பாத்தும் ஏற்றன. நீர் புகாச் சப்பாத்து என விலை கூட்டி விற்கப்படுவனவும் உள. வடகீழ்ப் பருவமழையில் நனையும் நம் மலைகளில் நீர் மேல்வாய் வழியே உட்புகும். புகுந்த நீர் வெளியேறாது. நீரைத் தடுக்கும் சப்பாத்தினும் விரைவில் உலரும் சப்பாத்தே நமக்கு உகந்தது.

புதுச் சப்பாத்துடன் நெடுநடை தொடங்குதல் ஆகாது. முதலில் வீட்டினுள்ளும், பின் கடைத்தெருவுக்கும், அதன்பின் பாரத்துடன் இரண்டு மூன்று மணி நேரமும் அணிந்து பழகுக. பழகிய பின்பும் ஓரிடம் உறுத்துமாயின் அச்சப்பாத்தைப் பயணத்திற்கு எடுத்தலாகாது.

வழியிற் செய்யத்தக்கன

காலுறை பருத்தியாலானது எனின் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளத்துக்கு வழிசெய்யும். மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ கலந்தது சிறந்தது. உலர்ந்த இரண்டாம் சோடியைப் பையில் வைத்திருந்து நண்பகலில் மாற்றுக. இளைப்பாறும் இடத்திற் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிப் பாதத்துக்குக் காற்றுக் காட்டுக.

கொப்புளம் எழும் இடத்தை முன்னரே அறிந்தவர், வைத்தியசாலையிற் காயங்கட்டப் பயன்படும் மெல்லிய காகித ஒட்டுநாடாவை நடக்குமுன் அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். மலிவான அந்நாடா, 250 கிலோமீற்றர் நெடுந்தூர ஓட்டத்திற் கலந்துகொண்ட 128 பேரிடையே கொப்புளத்தை நூற்றுக்கு நாற்பது அளவிற் குறைத்ததென 2016 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குள்ள தூரமும் ஏறத்தாழ அதுவே என்பது நினையத்தக்கது.

நடக்கும்போது ஓரிடம் சூடாக உறுத்தத் தொடங்கினால் அப்பொழுதே நின்று பார்க்க. அடுத்த திருப்பம் வரை போகலாம், நண்பர் நகைப்பர் என்று எண்ணி நடப்பவர் ஐந்து நிமிட ஓய்வை மிச்சப்படுத்தி ஐந்து நாள் நடையை இழப்பர். குழுவை நடத்திச் செல்லும் ஆசிரியர் முதல் மணிநேர முடிவில் யாவரையும் நிறுத்தி, ஒவ்வொருவரும் தம் பாதத்தைப் பார்க்கச் செய்தல் நல்ல வழக்கம். அப்போது கேட்கக் கூசும் மாணவனும் வாய் திறப்பான்.

எழுந்துவிட்ட கொப்புளம் சிறிதாயின் உடைத்தலாகாது. நடுவில் துளையிட்ட மெத்தையான துணியைச் சுற்றிவைத்து அழுத்தம் நீக்குக. பெரிதாய் வலிக்குமாயின், கையையும் தோலையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்திற் குத்தி நீரை வெளியேற்றி, மேற்தோலை உரிக்காது அப்படியே மூடிக் கட்டுக. செம்மை பரவுதல், சீழ், காய்ச்சல் என்பன கண்டால் வைத்தியரை நாடுக.

வயல் வரப்பையும் சேற்று நீரையும் உடைந்த கொப்புளத்துடன் கடப்பவர் எலிக்காய்ச்சலை நினைத்தல் வேண்டும். அந்நோய்க் கிருமி தோலிலுள்ள புண் வழியே உட்புகும். 2008 இல் அந்நோய் நாட்டிற் பெருகியபோது நம் மாவட்டமும் பாதிக்கப்பட்டது. புண்ணை நீர் புகாவாறு மூடுக. நடைக்குப் பின் இரண்டு வாரத்துள் கடுங்காய்ச்சலும் தசைவலியும் வந்தால், சேற்றில் நடந்ததை வைத்தியரிடம் மறவாது கூறுக.

மலையிறங்குமுன் நகங்களை நேராக வெட்டிக்கொள்க. கணுக்காலின் அருகே சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டுக. ஊன்றுகோல் ஒன்று முழங்காலின் சுமையைப் பெரிதும் குறைக்கும். முதுகுப்பை உடலெடையில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று; வளரும் பிள்ளைகளுக்கு அதனினும் குறைக்க. பாதத்தின் வலிக்குச் சப்பாத்தைப் பழிப்போர் பலர். பையைத் திறந்து பார்ப்போர் சிலர்.

இரு சாராருக்குச் சிறப்பாகச் சொல்வது

நேர்த்தியின் பொருட்டு வெறுங்காலுடன் பாதயாத்திரை செய்வோர் உளர். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை பல நாட் காட்டு வழி நடக்கும் அடியாரின் உறுதியை நாம் வணங்குகின்றோம். எனினும் தோல் ஒரு வாரத்தில் வன்மை பெறாது. பல வாரங்களுக்கு முன்னரே சிறிது சிறிதாக வெறுங்கால் நடையைப் பழகுதலும், வெயில் ஏறுமுன் நடந்து முடித்தலும், இரவில் இருவர் ஒருவர் பாதத்தை ஒருவர் விளக்கொளியிற் பார்த்தலும் நேர்த்திக்கு மாறாவன அல்ல.

நீரிழிவு நோயுடையோர் நிலை வேறு. நெடுநாள் நோயாற் பாதத்தின் உணர்வு மழுங்கியிருக்கும். கல் உறுத்துவதும் கொப்புளம் எழுவதும் தெரியா. ஏனையோர்க்கு வலி ஒரு காவலாளி. இவர்க்குக் காவலாளி உறங்குகின்றான். கவனியாது விட்ட சிறு புண் விரலையும் காலையும் வெட்டி எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோதல் கூடும். ஆகவே இவர்கள் வெறுங்காலுடன் நடவாதிருத்தலும், அணியுமுன் சப்பாத்தினுட் கைவிட்டுத் தடவிப் பார்த்தலும், நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிற் பார்த்தலும், கொப்புளத்தைத் தாமே குத்தாதிருத்தலும் கட்டாயமாம். நம் பழைய மாணவருள் ஐம்பது கடந்தோர் இப்பகுதியை இருமுறை படிப்பாராக.

முடிவுரை

வலியைப் பொறுப்பதே ஆண்மை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நம் முன்னோர் பொறுத்தனர் என்பது உண்மை. அவர்க்கு வேறு வழி இருந்ததில்லை என்பதும் உண்மையே. சப்பாத்தும் மருந்தும் நிறுத்தி இளைப்பாறும் உரிமையும் அவர்க்கு மறுக்கப்பட்டன. அவை நமக்குக் கிட்டியிருக்கும்போது அவற்றை இகழ்ந்து நடப்பது அவர்தம் துன்பத்துக்குச் செய்யும் மரியாதையாகாது.

மாணவர்களே! மலைக்குச் செல்லுங்கள். நாட்டை நடந்து பார்ப்பவனே அதனை அறிவான். புறப்படுமுன் பாதத்தை அளந்து சப்பாத்தைத் தேருங்கள், பழக்கி அணியுங்கள், முதல் உறுத்தலிலேயே நின்று பாருங்கள். உடன் வருவோருள் ஒருவன் நொண்டுவானாயின், அவன் நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மன்னார் வழியிற் பின்தங்கியவருக்குக் கிடைக்காத துணை, நம் வழியிற் பின்தங்குவோர் யாவருக்கும் கிடைப்பதாக.